காய் முற்றும் நேரத்து மழை

மக்களே,

போன ஞாயிற்றுக்கிழமையும் நீ அதையேதான் கேட்டாய். "அம்மா, சோயா விதைப்பு ஜூன் மாசமா, செப்டம்பரா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. அதை வச்சுத்தான் நான் இங்க ராஜினாமா கொடுக்கணும்." நானும் வழக்கம்போல "பாத்துச் சொல்லுகேன் மக்களே" என்று சொல்லிவிட்டு, மயில் வந்து கீரைப் பாத்தியைக் கிளறியதையும் என் முட்டிவலியையும் பேசிப் போனை வைத்துவிட்டேன். ஜூன் என்றால் ஜூனில் வருவேன், செப்டம்பர் என்றால் செப்டம்பரில்தான் வருவேன், நடுவில் ஒருநாள்கூடச் சும்மா வந்து வீட்டில் உட்கார மாட்டேன் என்பது உன் சட்டம். அதனால் என் வாயிலிருந்து வரும் ஒரு மாதத்தின் பெயரில் உன் வேலை, உன் வருகை எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கிறது. உண்மையைச் சொன்னால், பார்க்க வேண்டியதை நான் பார்த்து முடித்துவிட்டேன். பதிலும் தெரியும். தெரிந்த பதிலை ஏன் மூடி வைத்திருந்தேன் என்பதை இந்தக் கடிதத்தின் கடைசியில் எழுதுகிறேன். போனில் சொல்ல வழியில்லை. நீ கூப்பிட்டதும் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார், உனக்குத் தெரியாததா?

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போன வைகாசியில் நீ இந்தோரிலிருந்து அந்தச் சோயா விதையைப் பையில் கட்டிக்கொண்டு வந்து இறங்கியபோது, எனக்கு உள்ளூரச் சிரிப்புதான் வந்தது. பிள்ளைகள் ஊருக்கு வந்தால் சேலை கொண்டுவருவார்கள், இனிப்பு கொண்டுவருவார்கள். நீ பயறு கொண்டுவந்தாய். ஆலையில் லாரி லாரியாக வரும் சோயாவை ஒரு கை அள்ளிப் பார்த்து இது எடு, இது தள்ளு என்று சொல்வது உன் வேலை. முப்பது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி லேபில் ஊரார் சளியையும் சிறுநீரையும் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்தது என் வேலை. நம் வீட்டுப் பெண்கள் இரண்டு பேருமே கெட்டுப்போனதைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவர்கள். அதனால்தானோ என்னவோ, நீ சாப்பாட்டு மேசையில் விதையைக் கொட்டிவைத்து, "தின்கிறதுக்கு இல்லம்மா, விதைக்கு. இந்தப் பக்கத்துக்காரங்க தென்னைக்கு ஊடே சோயா போடலாம்னு பாத்தா நல்ல விதை கிடைக்காது. தூரத்திலேருந்து வாறதுக்குள்ள பாதி செத்துப்போகும். நாம இங்கயே விதை எடுத்துக் கொடுத்தா என்ன?" என்று கேட்டபோது, உன் அப்பா விளைச்சலைப் பற்றி யோசித்தார், நான் அந்தச் செத்துப்போகும் பாதியைப் பற்றி யோசித்தேன். ஏன் சாகிறது? எப்போது சாகிறது? அந்த ஆவல் அன்று பிடித்ததுதான். இன்னும் விடவில்லை.

நீ ரயிலேறியதும் அப்பா கிழக்கு விளையில் தென்னங்கன்றுகளுக்கு ஊடே உழுது தயாராகிவிட்டார். ஆனி பாதியில் விதைத்தார். ஏன் ஆனி என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே தெரியும். அவருக்குக் காலண்டரில் ஒரே ஒரு தேதிதான் கண்ணுக்குத் தெரிந்தது, சபையில் அறுப்பின் பண்டிகை. அது ஐப்பசி முதல் ஞாயிறு. அதற்குச் சரியாகக் காய் முற்றி நிற்க வேண்டும் என்று பின்னாலிருந்து மாதத்தை எண்ணி விதை போட்டார். நம் சபையில் எல்லோரும் செய்வதுதான். வாழைக்குலைக்காரர் குலையைப் பண்டிகைக்குத் தகுந்தபடி விட்டுவைப்பார், மரச்சீனிக்காரர் கிழங்கை மூட்டோடு தூக்கிக்கொண்டு வருவார், சேவல் வளர்க்கிறவர் அதுவரை சேவலைக் குழம்புக்குக் கொடுக்க மாட்டார். காணிக்கை என்பது போக, வந்த பொருளைச் சபையிலேயே ஏலம் விடுகிற மேடையில் நம் பொருளைத் தூக்கிப் பிடிக்கும்போது நாலு பேர் கழுத்தை நீட்டிப் பார்க்க வேண்டுமே, அந்த ஆசையும் உண்டு. ஊரில் யாரும் கண்டிராத பயிரை, வேரும் மண்ணும் காயுமாக, ஒரு கட்டாகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது அப்பாவின் கனவு.

பயிரும் அவரை ஏமாற்றவில்லை. நீ வீடியோவில் பார்த்தாயே, இடுப்புயரம் வளர்ந்து, கணுவுக்குக் கணு காய். புரட்டாசி கடைசியில் இலை மஞ்சளாகி உதிர்ந்து, காய் பழுப்பேறி, அசைத்தால் உள்ளே கலகலவென்றது. அன்றைக்கே பிடுங்கியிருக்க வேண்டும். "பிடுங்கிடுங்களேன், வானம் கறுத்துக்கிட்டு வருகு" என்றேன். "முதல் பலனைக் கொண்டு வைக்காம விளையில கைவைக்கக் கூடாது கேட்டியா" என்றார். அதுவும் நியாயம்தான், அவர் அம்மா வீட்டு வழக்கம். பண்டிகைக்கு இருந்தது கொஞ்ச நாள்தான். ஆனால் பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை பிடித்த மழை பண்டிகைப் பந்தலைச் சாய்த்துவிட்டது. போதகர் பண்டிகையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார். மழை நிற்கவில்லை, மறுபடியும் தள்ளிவைத்தார். பண்டிகை தள்ளிப்போனதால் நம் அறுப்பும் தள்ளிப்போனது. முற்றிக் காய்ந்த சோயா, ஐப்பசி மழையில், பண்டிகைத் தேதிக்காக, ஒழுங்காக வரிசையில் நின்று நனைந்தது. உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது, கூட்டம் நடத்தப் பந்தல் காயவில்லை என்பதற்காக விளையில் பயிரை ஊறப்போட்டிருப்பார்களா என்று நான் இப்போது நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருவழியாகப் பண்டிகை நடந்தபோது ஏலத்தில் நடந்ததை அப்பா உன்னிடம் பாதிதான் சொன்னார். மீதியை நான் சொல்கிறேன். கட்டைத் தூக்கிப் பிடித்ததும் நிஜமாகவே ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "இதென்ன செடியாக்கும்?" என்று ஒரே சத்தம். நம் பக்கத்து விளை தங்கசாமி அண்ணன் வந்திருந்தார். அய்யாவழிக்காரர்தான் என்றாலும் வாழைக்குலை ஏலத்துக்கு வருடம் தவறாமல் வந்துவிடுவார், நல்ல குலை எங்கே இருந்தாலும் அவர் அங்கே இருப்பார். அப்பாவை வம்புக்கிழுக்கவென்றே சோயாக்கட்டைக் கேட்டு, ஏற்றி ஏற்றிக் கேட்டு, எடுத்தும்விட்டார். எடுத்த கையோடு ஒரு காயை உரித்தார். உள்ளே இருந்த பயறு ஊதா நிறம். ஞாவல்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு மாதிரி. இன்னொன்றை உரித்தார், அது வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்துச் சுருங்கியிருந்தது. "ஓய் லைன்மேன், இது பயறா, ஞாவக்கொட்டையா? கரண்டு கிரண்டு பாஞ்சிட்டா?" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஆனால் உன் அப்பா, மின்வாரியத்தில் இருந்த காலம் முழுக்க எந்தக் கம்பத்திலும் கூசாமல் ஏறிய மனுஷன், அன்று மேடையை விட்டு இறங்கத் தெரியாமல் நின்றார்.  வீட்டுப் படியேறும்போது, "அடுத்த ஆனியில விதைச்சு, நல்ல கட்டா கொண்டு வைக்காம விடமாட்டேன்" என்றார். அடுத்த ஆனி என்ற சொல் அன்று பிறந்தது. நானும் அதை வீம்பு என்றுதான் நினைத்தேன்.

அப்பா மீதிப் பயிரை அறுத்து எடுத்த பயறுச் சாக்கைத் தொழுவத்து மூலையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். என் கைதான் சும்மா இருக்காதே. பழைய சாப்பாட்டுத் தட்டுகளைக் கொதிநீரில் கழுவி, அடியில் டிஷ்யூ பேப்பரை மடித்துப் போட்டு நனைத்து, ஊதாப் பயறு ஒரு தட்டு, சுண்ணாம்புப் பயறு ஒரு தட்டு, பார்வைக்குப் பழுதில்லாத பயறு ஒரு தட்டு என்று பரப்பி மூடி வைத்தேன். சளியை வளர்த்த கைக்குப் பயறை வளர்ப்பது பெரிய காரியமா? நீ வாங்கிக் கொடுத்த, போனில் மாட்டுகிற பூதக்கண்ணாடிதான் என் மைக்ராஸ்கோப். மூன்றாம் நாள் திறந்து பார்த்தேன். அப்பாவின் மானத்தை வாங்கிய அந்த ஊதாப் பயறு, பெரும்பாலும், ஒன்றும் நடக்காதது மாதிரி முளைவிட்டிருந்தது! சுண்ணாம்புப் பயறு பஞ்சு மாதிரிப் பூசணம் பூத்து, தொட்டால் கூழாக நசுங்கியது. அதிசயம் மூன்றாவது தட்டில்தான். பழுதே இல்லை என்று நான் பொறுக்கி எடுத்த நல்ல பயறிலும் பாதி அதே வெள்ளைப் பஞ்சைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. கண்ணுக்குப் பட்ட ஊதா, விதையைப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கண்ணுக்குப் படாதது கொன்றுவிட்டது. ஆளைப் பார்த்து ரத்தத்தைச் சொல்லாதே என்று லேபில் புதிதாக வரும் பிள்ளைகளிடம் சொல்வேன். பயறையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

அன்று சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டேன், நினைவிருக்கிறதா? ஆலை இரைச்சலுக்கு நடுவே நின்றுகொண்டு நீ சொன்னாய், "அம்மா, அந்தப் பூசணம் மழையில வந்தது இல்ல. செடி பச்சையா இருக்கும்போதே உள்ள போயிருக்கும். சத்தம் காட்டாம இருக்கும். காய் முற்றுகிற நேரத்தில ஈரமும் சூடும் கிடைச்சா அப்பத்தான் பயறுக்குள்ள இறங்கும்." எனக்கு நம்பிக்கை வரவில்லை. பச்சையாக, செழிப்பாக, இடுப்புயரம் நின்ற செடிக்குள் நோயா? மழைதான் கொண்டுவந்தது என்றுதான் தங்கசாமி அண்ணனும் சொன்னார். "நனைஞ்சா அழுகத்தான செய்யும், இதுக்கு என்ன படிப்பு வேணும்?" அவர் உளுந்து வருடா வருடம் நனைகிறது, அவருக்கு அதுவே வேதம். நீ சொன்னதை நீ படித்திருந்தாய், அவர் சொன்னதை அவர் பட்டிருந்தார். எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டும்.

பார்க்கிற வாய்ப்பு ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்தது. நீ கொண்டுவந்த விதையில் அப்பா போட்டது போக ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய மீந்திருந்தது. ஃப்ரிட்ஜில் மோர்ப் பாத்திரத்துக்கு இடமில்லாமல் அது நிற்பதைப் பார்த்து எரிச்சலாகி, காற்றில் வாழை சாய்ந்த தென்மூலையில் புரட்டாசி கடைசியில் ஊன்றிவிட்டேன். ஆராய்ச்சிக்கு என்று நான் பெருமை பேச முடியாது, மோர்ப் பாத்திரத்துக்காகத்தான். பெரிய விளையில் அப்பாவின் பயிர் காய்ந்து நிற்கிறது, மூலையில் என் பயிர் மூன்றிலை விட்டு நிற்கிறது. அந்த அடைமழையைப் பச்சைப் பருவத்திலேயே அது குடித்துவிட்டது. வளர்த்தி போதாது. முழங்காலைத் தாண்டவில்லை, அதற்குள் பூத்துவிட்டது. பகல் குறைந்தால் சோயா அவசரப்பட்டுப் பூக்கும் என்று நீ சொன்னாய். அது எப்படிப் பகலை அளக்கிறது என்று நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

கார்த்திகையில் அந்த மூலையில் நல்ல பச்சையாக நின்ற செடியில் இரண்டு மூன்று தண்டுகளை வெட்டி, சோப்புப் போடாத குறையாகக் கழுவி, ஈரத்தட்டில் மூடி வைத்தேன். பச்சைத் தண்டு, ஒரு புள்ளி கிடையாது. வாரம் கழியும்போது தண்டு வாடி, அதன் மேல் கறுப்பாகக் கடுகினும் சிறிய புள்ளிகள். சிதறிக் கிடக்கவில்லை மக்களே, வரிசை வரிசையாக, நூல் பிடித்துத் தைத்த மாதிரி. படமெடுத்து அனுப்பினேன். "அதுதாம்மா! அதேதான்!" என்று நீ ஆலையில் கத்தியது இங்கே மயிலாடியில் கல் கொத்துகிறவர்களுக்கே கேட்டிருக்கும். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் என் பயிருக்குள்ளும் அதே ஆள் குடியிருக்கிறான். அப்பாவின் பயிருக்கு நேர்ந்ததுதான் என்னுடையதற்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். பிடுங்கிப் போட்டுவிடலாம் என்றுகூட மண்வெட்டியோடு போனேன். அடுத்து என்னதான் நடக்கிறது பார்ப்போமே என்ற எண்ணம்தான் கையைப் பிடித்தது. உனக்கு நான் புத்தி என்று ஏதாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். கெட்டுப்போகும் என்று தெரிந்த பிறகும், கெடுகிறதா என்று நின்று பார்.

கெடவில்லை. மார்கழி பாதியோடு மழை ஓய்ந்துவிட்டது. ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து வரும் அந்த வறண்ட காற்று உனக்குத் தெரியும், துவைத்த சேலை கொடியில் போட்ட கையோடு காய்ந்துவிடும். அந்தக் காற்றில் காய் பழுப்பேறியது. கலகலவென்று சத்தம் கேட்ட அன்றே, தை பிறந்த வாரத்தில், நானே உட்கார்ந்து பிடுங்கினேன். பண்டிகையும் இல்லை, பந்தலும் இல்லை, யாரையும் கேட்கவில்லை. உரித்துப் பார்த்தால் பயறு ஒவ்வொன்றும் வெண்மஞ்சளாக, வழுவழுவென்று, புதுப் பல் மாதிரி இருந்தது. மறுபடியும் தட்டு, டிஷ்யூ, மூடி. திறந்த அன்று, விதை என்பது எவ்வளவு அவசரக்காரன் என்று பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே வால் நீட்டிக்கொண்டு கிடந்தது. பூசணம் எங்கோ ஒன்றிரண்டில்தான். நோய் இரண்டு பயிருக்குள்ளும் இருந்தது மக்களே. ஆனியில் விதைத்தது முற்றும்போது மழை வந்து அதை எழுப்பிவிட்டது. புரட்டாசியில் விதைத்தது முற்றும்போது எழுப்ப ஆளில்லை. நீ சொன்னதும் சரி, தங்கசாமி அண்ணன் சொன்னதும் பாதி சரி.

அப்புறம் ஒருநாள் பஸ்ஸில் போகும்போது, கும்பப்பூ அறுவடை முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே போனேன். திடீரென்று உறைத்தது. நம் நாஞ்சில்நாட்டில் நெல்லுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று பெயர் வைத்தவர்கள் விதைக்கிற மாதத்தை வைத்தா வைத்தார்கள்? அறுக்கிற மாதத்தை வைத்தல்லவா? கன்னி மாதமாகிய புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ, கும்ப மாதமாகிய மாசியில் அறுப்பது கும்பப்பூ. பயிர் எந்த மாதத்தில் மண்ணுக்குள் போனது என்பது போகட்டும், எந்த மாதத்தில் முற்றி நிற்கப் போகிறது என்பதைத்தான் அவர்கள் பெயராகவே கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாவும் பின்னாலிருந்துதான் எண்ணினார். மழையைப் பார்த்து எண்ணாமல் பண்டிகையைப் பார்த்து எண்ணிவிட்டார். பக்கத்து இருக்கைக்காரியிடம் இதைச் சொன்னேன். அவள் "அப்படியாக்குமா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, புரட்டாசியே புண்ணியம் என்று துள்ளாதே. உன் தட்டில் இரண்டு பக்கத்தையும் வைக்கிறேன். அப்பாவின் ஆனிப் பயிர் காய்த்ததில் என் மூலைப் பயிர் பாதிகூடக் காய்க்கவில்லை. எண்ணெய்க்கோ தீவனத்துக்கோ விற்கிறவன் ஆனியைத்தான் கும்பிடுவான். இன்னொன்று, புரட்டாசி மழையில் விதைத்தால் தண்ணீர் தேங்கி முளையே அழுகவும் செய்யும், என் மூலையில் பள்ளமான இடத்தில் அழுகியது. அப்புறம், தையில் எடுத்த விதை அடுத்த புரட்டாசி வரை உயிரோடு கிடக்க வேண்டுமே? நன்றாகக் காயவைத்து டின்னில் இறுக மூடி, மாதம் ஒரு பிடி எடுத்துத் தட்டில் போட்டுப் பார்க்கிறேன். பங்குனி வரை குறை சொல்ல முடியாது. சித்திரை வெயிலில் என்ன ஆகுமோ, தெரியாது. தெரியாதது இன்னும் ஒன்றும் உண்டு. ஐப்பசி மழைக்கு முந்தி, பண்டிகைக் கட்டுக்கு அளவு பார்க்கவென்று, காணிக்கைக்குத்தானே என்ற சமாதானத்தோடு அப்பா நாலைந்து செடியைப் பிடுங்கித் தொழுவத்துக் கூரையடியில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார். மறந்தே போனோம். மாசியில் ஒட்டடை அடிக்கும்போது கிடைத்தது. உரித்தேன். ஆனி விதைப்புதான், ஆனாலும் சுத்தமான பயறு! அப்படியானால் ஆனியின் மேல் மட்டும் பழி போடலாமா? முற்றிய அன்றே பிடுங்கியிருந்தால்? ஒரு விளை முழுவதையும் மழைக்காலத்தில் எந்தக் கூரைக்கடியில் தொங்கவிட? இதையெல்லாம் உன்னோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஒரு பெரிய பட்டியல் மனதில் வைத்திருக்கிறேன்.

ஆனால் இந்த வருடத்துக்குப் பதில் ஒன்றுதான். நம்மிடம் இருக்கும் நல்ல விதை அந்த ஒரு டின். அதை ஆனியில் போட்டு மறுபடியும் ஐப்பசி மழைக்குக் கொடுத்தால், உன் திட்டத்துக்கு விதையே மிஞ்சாது, அப்பாவுக்குக் கட்டும் மிஞ்சாது. இது தை மாதமே எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் ஞாயிறு ஞாயிறாக மயிலைப் பற்றிப் பேசினேன்? புரட்டாசி என்று என் வாய் சொன்னால், நீ புரட்டாசியில்தான் வருவாய். ஆனி என்று ஒரு பொய் சொன்னால், மூன்று மாதம் முந்தி நீ இந்த வீட்டு நடையில் செருப்பைக் கழற்றுவாய். ரிசல்ட்டை ஒருநாளும் மாற்றி எழுதாத கை இது மக்களே. நோயாளி அழுதாலும் மாற்றியதில்லை, டாக்டர் முறைத்தாலும் மாற்றியதில்லை. இந்த ஒரு ரிசல்ட்டை மாற்றிவிடலாமா என்று நினைத்தேன். உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அவ்வளவுதான் காரணம். வேறு அலங்காரம் இல்லை.

நேற்றுக் காலை மனதைத் திடப்படுத்திக்கொண்டு, தட்டுகளை அடுக்களை மேடையில் வரிசையாக வைத்து அப்பாவைக் கூப்பிட்டேன். ஏல மேடைக் கோபம் இன்னும் இருக்கிறது, சண்டை வரும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். "இஞ்ச பாருங்க, இது உங்க ஆனி விதை. இது என் புரட்டாசி விதை. வீம்பை விட்டுட்டுக் கண்ணால பாத்துச் சொல்லுங்க." அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடக்கூட இல்லை. தட்டைப் பார்க்கவும் இல்லை.

"எனக்குத் தெரியாதா பிள்ளே?" என்றார். "தையில நீ சொளவில போட்டுக் கொழிச்சப்பவே பாத்துட்டேன். புரட்டாசிதான் நல்லது."

"பெறகு எதுக்கு ஆனி ஆனின்னு ஒத்தக்கால்ல நிக்கிய? பண்டிகைக்கா?"

"பண்டிகைக்கு ஒரு வாழைக்குலை கொண்டு வச்சாப் போரும். ஆனின்னு சொன்னா பிள்ள ஆனியில வருவா. புரட்டாசின்னா இன்னும் மூணு மாசம் அங்கயே நிப்பா. நீ அந்தத் தட்டை அவளுக்குக் காட்டாண்டாம். விதை போனாப் போட்டும்."

ஒரே வீட்டில், ஒரே களவை, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் இரண்டு பேரும் செய்துகொண்டிருந்திருக்கிறோம். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

ஆகவே, மக்களே, உன் கேள்விக்குப் பதில் புரட்டாசி. அதில் மாற்றமில்லை. ஆனால் உன் சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. சோயா எப்போது மண்ணுக்குப் போக வேண்டும் என்பது ஒரு கணக்கு, நீ எப்போது வீட்டுக்கு வர வேண்டும் என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே தேதியில் கட்டியது நீ. பண்டிகைக்கும் அறுப்புக்கும் முடிச்சுப் போட்ட உன் அப்பாவின் மகள்தானே! வாய்க்கால் வெட்ட வேண்டும், மேட்டுப்பாத்தி போட வேண்டும், அதற்கு நீ ஆனியிலேயே தேவை என்று எழுதலாம். உண்மையும்கூட. ஆனால் அந்தச் சாக்கு எனக்கு வேண்டாம். வேலை ஒன்றும் இல்லாமலே வா. படித்த பிள்ளை வேலையை விட்டுவிட்டு மூன்று மாதம் சும்மா இருக்கிறாள் என்று ஊரில் நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும், நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். நீ வந்து சும்மா உட்கார். நோட்டீஸ் காலம் கழிந்து ஆனியில் வந்து சேர, இந்தப் பங்குனியிலேயே ராஜினாமாவைக் கொடு.

விதையைப் புரட்டாசி வரை டின்னில் மூடி வைத்துக் காப்பாற்ற எனக்குத் தெரியும். உன் அப்பாவை ஆனிக்கு மேல் ஆற்றி வைக்க எனக்கு வழி தெரியாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அம்மா